ஆறு என்றேன்

லிஃப்ட் பழுது என்று எழுதிய அட்டை
ஐந்து மாதமாய்த் தொங்குகிறது.
நாலு மாடி ஏறி, மூச்சு வாங்கி,
சனிக்கிழமை ஏழு மணிக்கு
வெள்ளவத்தையில் இந்த மேசைக்கு வந்து சேர்வார்கள்
ஒரு மந்திரவாதி, ஒரு வில்லாளி, ஒரு கோடரிக்காரி.

ஆரூரன் பகலில் வங்கியில் காசு எண்ணுபவன்,
இங்கே நெருப்பு எறிவான்.
சமிந்து கொண்டுவருவது கொத்துப் பொதி,
வில்லை மறந்தாலும் அதை மறக்கமாட்டான்.
நஸீஹா தெமட்டகொடையிலிருந்து
இரண்டு பஸ் மாறி வருகிறவள்.
பழைய இருமல் மிட்டாய் டப்பியில்
அவளுடைய பகடைகள் கிலுகிலுக்கும்.

நான் விளையாடுவதில்லை. மழை நான்.
சத்திரத்தில் கடன் கொடுக்காதவன் நான்.
பாலத்தடியில் பசித்திருக்கும் பூதமும் நானே.
பிஸ்கட் பெட்டியை வெட்டி மடித்த
மறைப்புக்குப் பின்னால்
நான் உருட்டுவதை நான் மட்டும் பார்ப்பேன்.

வேலை, காப்புறுதிக் கம்பனியில்.
நசுங்கிய ஓட்டோக்களின் படம் பார்த்து
எவ்வளவு கொடுக்கலாம் என்று எழுதுவது.
பாவம் பார்ப்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமில்லை.

அந்த வாரம் அவளை வேலையால் நிப்பாட்டியிருந்தார்கள்.
அவள் சொல்லவில்லை.
சமிந்து சொன்னான், குசினியில், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு.

பூதம் கோடரிக்காரியின் பக்கம் திரும்பியது.
அவளிடம் மிச்சம் நாலு உயிர்ப்புள்ளி.
இருபது முகப் பகடையை உருட்டினேன்.
பதினெட்டு.
கறுப்பில் வெள்ளையாய், சந்தேகமே இல்லாமல், பதினெட்டு.

ஆறு என்றேன்.

ஆரூரன் மேசையில் அடித்தான்.
கீழே கடலோர ரயில் போனது, ஜன்னல் அதிர்ந்தது,
பூதம் செத்தது.
நஸீஹா மட்டும் என்னைப் பார்த்தாள்,
மீன்கடையில் தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி.

இரண்டாம் மாடிப் படியில், செருப்பைச் சரிசெய்தபடி கேட்டாள்:
"அது ஆறில்ல, என்ன?"
பேசாமல் நின்றேன்.
"மாமி பாவம் பாக்குறா. கடன்காரன்கூட
அடுத்த மாசம் பாப்பம் எண்டுறான்.
இங்க அடி விழுந்தா
அது என்ட அடியா இருந்திச்சு."

வீட்டுக்கு வந்து கோபத்தில்
அடுத்த குகைக்குள் மூன்று பூதங்களைச் சேர்த்தேன்.
விடியமுன் அழித்தேன்.
ஆறு என்றதும் நான்தான்,
இதுவும் அதே ஆள்தான், வேறு சட்டை.

பிறகு, கழித்துவிட்ட படிவங்களின் முதுகில் கணக்கு:
மூன்று பேர், இத்தனை உயிர், ஒரு வீச்சுக்கு எத்தனை.
வெல்லலாம். நோகும்.
வடக்குச் சுவரில் ஒரு விரலளவு ரப்பரால் தேய்த்து
மழைத்தண்ணீர் வெளியேறும் ஒரு வாய்க்கால் கீறினேன்,
குனிந்தால் ஒரு ஆள் போகலாம்.
என் கை நடுங்குவதென்றால்
வெள்ளிக்கிழமையே நடுங்கட்டும்.
பகடை விழுந்த பிறகு வேண்டாம்.

சனிக்கிழமை, மறைப்பை நாலாய் மடித்து
மேசையின் குட்டைக் காலுக்குக் கீழே வைத்தேன்.
ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, முழுக்க இல்லை.
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

வாய்க்காலை ஆரூரன்தான் கண்டுபிடித்தான்.
"தண்ணி எங்கயோ போகுது. வாங்கோ, ஓடுவம்."
எனக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

"நீங்க போங்க," என்றாள் நஸீஹா.
"நான் வாசல்ல நிக்கிறன்."

இதை நான் கீறவில்லை.
ஒன்பது உயிர்ப்புள்ளி, ஒரு கோடரி, ஒடுங்கிய வாசல்.
மனதுக்குள் கூட்டினேன், கழித்தேன்.
முடியாததில்லை.
அதற்குமேல் ஒரு சதமும் சேர்க்கவில்லை.

நடுமேசையில் உருட்டினேன்.
பகடை கொத்துப் பொதியைத் தாண்டி,
தேத்தண்ணிக் கோப்பையில் முட்டி,
நுளம்புத் திரியின் சாம்பலுக்குள் போய் நின்றது.
நாலு தலையும் குனிந்தன.
வெளிச்சம் என் பக்கம்தான்,
ஆனால் எண்ணை நான் வாசிக்கவில்லை.

"பதினேழு," என்றாள் அவள், சத்தமாக,
சாம்பலை ஊதிவிட்டு,
ஒன்பதுக்குப் பக்கத்தில் பென்சிலை வைத்தபடி:
"எவ்வளவு போகுது? உருட்டுங்க."