முன்வாசலில் ஒரு நபர்

அருமனையிலிருந்து களியல் போகிற வழியில்
ரப்பருக்குள் ஒளிந்து நிற்கும் மஞ்சள் வீடு.
கதவுப் பூட்டு, நாலு கேமரா, ஒரு சைரன்,
ஜன்னல்தோறும் வெள்ளைப் பொட்டாய் சென்சார்.
இத்தனையையும் ஒரே பெட்டியோடு பேச வைத்தது நான்.
மார்த்தாண்டத்தில் கடை. மடக்கு ஏணி சொந்தம்.

டார்வின் ரசல் தோகாவிலிருந்து வீடியோவில் நின்றார்.
"சொன்னா கேக்குமா அது?"
தமிழும் கேட்கும் அண்ணே, சொல்லிப் பாருங்க.
"வெளக்கு போடு."
மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை என்றது பெட்டி.
"விளக்கை ஒளிரச் செய்யுன்னு சொல்லணுமோ?
எங்க அப்பன் அப்படிப் பேசினதில்ல கேட்டியா."
வெளக்கு என்று ஒரு பெயர் சேர்த்தேன்.
எளவு வெளக்கு என்றும் ஒன்று,
கோபமாக இருக்கும் நாட்களுக்கு.

கதவையும் வாயால் திறக்கலாமா என்றார்.
திறக்கலாம்.
ஜன்னலுக்கு வெளியே நின்று
கத்தத் தெரிந்த எவனுக்கும் அது திறக்கும்.
அதனால் நாலு எண் கேட்கச் சொல்லி வைத்தேன்.
அவர் எண்ணைச் சொல்லும்போது
காதைப் பொத்திக்கொண்டேன். தொழில் அப்படி.

ஆவணி வெயிலில் ரப்பர் காய் வெடித்தது.
கண்ணாடி உடையும் சத்தத்துக்கு அது தூரத்துச் சொந்தம்போல.
சைரன் கூவ, அயலத்து நாய்கள் கூவ,
தோகாவில் ஒரு மனுஷன் கட்டிலில் எழுந்து உட்கார,
நான் ஸ்கூட்டியை எடுத்தேன்.
சென்சாரின் காதைக் கொஞ்சம் மந்தமாக்கினேன்.
மறுநாளும் காய். இன்னும் கொஞ்சம்.
இப்போது
நிஜமாகவே யாராவது உடைத்தாலும்
காய் என்று நினைத்துக்கொள்ளும், பாவம்.

அப்புறம் தாசையன்.
தினமும் மூணு நாற்பதுக்குப் பால் வெட்ட வருவார்.
முன்வாசலில் ஒரு நபர்,
முன்வாசலில் ஒரு நபர் என்று
அவருக்கும் போகும், எனக்கும் வரும்.
வேலை முடிந்த பிறகும்
என் பெயரை அவர் நீக்கவில்லை.

தெரிந்த முகம் என்று சேர்த்துவிட்டால் தொல்லையில்லை.
பகலில் வரச் சொன்னேன்.
தலை சீவி, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டு,
ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல் கேமராவின் முன் நின்றார்.
பெட்டி படித்துக்கொண்டது. தாசையன் என்று எழுதியும் காட்டியது.
விடியுமுன் தலைவிளக்கோடு வந்தார்.
முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை வட்டம்.
முன்வாசலில் ஒரு நபர்.

மூணு முதல் ஆறு வரை அறிவிப்பை நிறுத்திவிடவா
என்று கேட்டு எழுதினேன்.
இரண்டு நாள் பதிலில்லை.
பிறகு ஒரே சொல்: கெடக்கட்டு.

அதற்கடுத்த வாரம் என்று நினைக்கிறேன்,
படம் தெளிவாக இருக்கிறதா பார்க்கத்தான் திறந்தேன்.
ஸ்பீக்கரில் தோகாவின் தூக்கம் கெட்ட குரல்:
"அண்ணே, பால் உண்டா?"
தாசையன் நிமிர்ந்தார்.
திரை முழுக்க வெளிச்சம், ஆளைக் காணோம்.
"கொறவு. சிரட்டயில பாதிகூட இல்ல."
"வெளக்கு போடட்டா?"
"வேண்டாம் பிள்ளே. பூச்சி வரும்."

போனைக் கவிழ்த்து வைத்தேன்.
என் பெயரை நீக்கிவிடுங்கள் அண்ணே, முறை அதுதான்
என்று மூன்றாவது தடவையாக அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது. அவ்வளவே.

ஐப்பசி. அடைமழை. வெட்டு இல்லை.
மூணு நாற்பதுக்குப் போன் அனங்கவில்லை,
எனக்கோ முழிப்பு வந்துவிட்டது.
ஒரு நிமிஷம்தான் பார்த்தேன்.

லென்ஸில் தண்ணீர்.
படியில் யாரும் இல்லை.
முன்வாசல் விளக்கை யாரோ போடச் சொல்லியிருக்கிறார்கள்.
நிறைய ஈசல்.