சௌத்தான் வாய்க்கால், மூன்றாம் மதகு

என் வயலில் ஒரு கண்ணாடிப் பெட்டி.
ரங்கூனிலிருந்து நிலார் வின் வாராவாரம் வந்து
ஊசியால் அதன் காற்றை உறிஞ்சிப் போகிறாள்.

சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாததுகள்
தின்றுவிட்டு ஏப்பம் விடுகின்றனவாம்.
ஏப்பம் மேலே போய் வெயிலைக் கூட்டுமாம்,
வெயில் கீழே வந்து பசியைக் கூட்டுமாம்.

வட்டிக்கு வட்டி, என்றேன்.
இந்த மண்ணுக்குப் பழகிய கணக்குதான்.

தண்ணீரை வடித்துக் காயவிடு, அடங்கும் என்றாள்.
மதகைத் திறந்தேன்.
அன்று பௌர்ணமி.
கடல் ஏறி வந்தது.

இரண்டு ஏக்கரும் உப்புப் பூத்துக் கிடக்கிறது.
உப்போடு வந்த வேறொரு கூட்டம்
பழையதைப் பட்டினி போட்டுவிட்டதாம்.
ஒரு குமிழி இல்லை.

அவள் நோட்டில்
இவ்வளவு சின்ன எண் விழுந்ததே இல்லை.
நெல்லை எழுத அதில் கட்டம் இல்லை.
பேனாவை மூடாமல்
நின்றுகொண்டிருந்தாள்.