கரிக்குக் கொண்டு போ

இரவு ஒன்று பத்துக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள்.
நாலரைக்குள் நான் மேலேறிவிட வேண்டும்.
நடுவில்
விதர்லி காமன் நிலையம் என்னுடையது.
என்னுடையதும், சுரங்கச் சுவரிலிருந்து
பயணிகளின் உதிர்ந்த முடியை வாரியெடுக்கும்
டோரீனுடையதும்.

இங்கே பாதைக்கு நாலு தண்டவாளம்.
இரண்டு பாரம் சுமக்கும்.
மற்ற இரண்டைத் தொட்டால் ஆள் காலி.

தோண்டத் தோண்டப் பழசு என்பது மண்ணின் வழக்கம்.
இங்கே தலைகீழ். பழைய பாதை
மேலே, மழையில் கிடந்தது.
டர்னிப் வயலை விற்ற ஹெசகாயா ப்ளம்லி
பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாராம்:
நான் தொப்பியைத் தூக்கினால் ரயில் நிற்க வேண்டும்.
நின்றது, பதினோரு வருஷம்.
பிறகு அவர் சவப்பெட்டிக்காக ஒருமுறை.
தொப்பி அதன்மேல் இருந்தது.

ஒற்றைப் பாதை இரட்டையானது.
பக்கத்தில், கரி இறக்க மூன்று கிளைகள்.

அப்புறம் நகரத்திலிருந்து
பெருச்சாளிபோல் குடைந்துகொண்டு வந்தது குழாய்ப்பாதை.
களிமண், களிமண், களிமண்,
பழைய பாதையின் வயிற்றுக்கு நேர்கீழே ஒரு நடைமேடை.
இரண்டையும் அடுத்த வசந்தத்தில் இணைப்பதாக ஏற்பாடு.
செப்புக் கம்பியைக்கூடச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

வசந்தத்துக்குள் போர் வந்தது.
கம்பி குண்டு செய்யப் போனது.
ஜனங்கள் கீழே வந்து படுத்தார்கள்.
போர்வையைத் திரையாகக் கட்ட யாரோ அடித்த ஆணிகள்
ஓடுகளின் சந்தில் இன்னும் இருக்கின்றன.
என் கோட்டை அதில்தான் மாட்டுகிறேன்.

ஐம்பத்து நாலில் மேல்பாதையைப் பிடுங்கி
எடைக்குப் போட்டார்கள்.
இப்போது அங்கே நாய்களோடு நடக்கிறார்கள்.
நாய்களும் வளைவில்
நீண்டு, மெதுவாக,
ஏழு பெட்டி இழுப்பதுபோல் திரும்புகின்றன.

முந்நூறு கஜம் தள்ளி
குழாய் மூச்சுவிட மேலே வரும் இடத்தில்
அந்த மூன்று கிளைகளை மட்டும் விட்டுவைத்தார்கள்,
கடைசி ரயில்கள் தூங்க.
வரைபடத்தில் அவை இருபத்தொன்று, இரண்டு, மூன்று.
வானொலியில் மட்டும், எந்தக் கட்டுப்பாட்டாளர் வந்தாலும்,
'நூற்றிப் பதினேழைக் கரிக்குக் கொண்டு போ.'

போன வாரம் புது ஓட்டுநர் ஒபியாஜுலு கேட்டாள்:
'எந்தக் கரி?'
கொஞ்ச நேரம் இரைச்சல்.
'தெரியாதும்மா. அப்படித்தான் சொல்வோம்.'

நேற்று இருபத்து மூன்றில் ஜல்லியைப் பூட்ஸால் கிளறினேன்.
இரண்டங்குலத்தில் கறுப்பு.
விளக்கைக் காட்டியதும் மின்னியது.
படிவத்தில், 'ஜல்லியில் கலப்படம், காரணம்' என்ற கட்டத்தில்
ஒரே சொல் எழுதினேன்.

திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்,
விவரமாக எழுதச் சொல்லி.