இதர

சனிக்கிழமை நாலு மணி.
வெலிங்டனுக்கு மேலே என் வாடகை அறையில்
ஹீட்டரை அணைத்துவிட்டு மடிக்கணினியைத் திறக்கிறேன்
(இரண்டும் சேர்ந்தால் ஃப்யூஸ் போகும்).
இடுப்புக்கு மேல் இஸ்திரி போட்ட குர்தா,
கீழே இரண்டு ஜோடிக் காலுறை.

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
சிரித்துக்கொண்டே தொடங்கவும்.
அறிவுரை கூடாது, வழி மட்டும்.
படிவத்தில் நாற்பத்தொரு தொழில்கள்,
அகர வரிசையில்.
நாற்பத்திரண்டாவது: இதர.

சேரம்பாடியிலிருந்து நிரோஜினி, பதினொன்றாம் வகுப்பு.
"கேமரா வேணாம் மேம், டேட்டா தீந்துடும்."
பச்சை வட்டத்துக்குள் 'நி' என்ற ஓரெழுத்தோடு
மூன்று வாரம் பேசியாயிற்று.
டவர் கிடைக்கும் பாறைவரை ஏறி வருகிறாள்;
மூச்சிரைப்பு முதலில் வரும்,
வணக்கம் அப்புறம்.

நர்சிங்? ம்.
வங்கித் தேர்வு? ம்.
ஊட்டச்சத்து, தோட்டக்கலை, தணிக்கை
ம். ம். ம்.
நடுவில் எங்கோ யானை விரட்டும் வெடி.
"அது டெய்லி மேம், நீங்க சொல்லுங்க."

என் வேலையைக் கேட்டாள்.
அடுத்தவர் எழுதிய மென்பொருளில்
ஓட்டை தேடுவேன் என்றேன்.
"கண்டுபுடிச்சா நீங்களே அடைப்பீங்களா?"
இல்லை. சொல்லிவிடுவேன்.
ம்.

நாலாவது வாரம்,
மழை என் தகரத்திலா அவள் குடையிலா
என்று பிரிக்க முடியாத ஒரு பேச்சில்
"ஜேசிபி ஓட்டணும்" என்றாள்.

சிரித்துக்கொண்டே தொடங்கச் சொன்னவர்கள்
நடுவில் சிரிக்கலாமா என்று சொல்லவில்லை.
சிரித்துவிட்டேன்.

இணைப்பு இருந்தது. மழை கேட்டது. அவள் கேட்கவில்லை.
வெகுநேரம் கழித்து:
"எங்க லைனுக்கு மேல மண்ணு சரிஞ்சப்ப
ஆபீசரு வந்தாரு, போட்டோ எடுத்தாரு.
ஃபயர் சர்வீஸ் வந்தாங்க, கயிறு கட்டுனாங்க.
அந்த மஞ்ச வண்டி வந்தப்புறந்தான் மேம்
எங்கம்மாவுக்கு ரோடு தெரிஞ்சுது."

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்தேன்.
பேருந்து காட்டேரியோடு சரி.
மரப்பாலம்வரை நடந்தேன்.
பாதிச் சாலையை மலை எடுத்துக்கொண்ட இடத்தில்
ஃபிளாஸ்க் மூடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்
மேச்சேரி மாதேஷ், பதினாறு வருட ஆபரேட்டர்.

பொண்ணா, என்றார்.
ஆமாம்.
சிரிக்கவில்லை அவர்.
"முதுகு போவும். அத மொதல்ல சொல்லு.
ஒதுங்க எடம் இருக்காது, அதையும் சொல்லு.
பக்கெட்டப் பாக்கணும், பள்ளத்தப் பாக்கக் கூடாது.
மேலேர்ந்து கல்லு உருண்டா
சத்தத்துக்கு முந்தி தெரியணும்."
எப்படித் தெரியும்?
"தெரியணும்."

ஏறி உட்காரச் சொன்னார்.
நெம்புகோலின் குமிழ்
அவர் உள்ளங்கை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது.
என் கை அதில் சிறியதாக இருந்தது.
நாலு நிமிடம் பதினாறு விநாடி பதிவு செய்தேன்;
பாதி, வண்டி பின்னால் வரும் பீப் பீப்.

சனிக்கிழமை போட்டுக் காட்டினேன்.
முழுசும் கேட்டாள்,
பீப் பீப் உட்பட.
பிறகு:
"அள்ளுன மண்ண எங்க மேம் கொட்டுறாங்க?
கீழ கொட்டுனா
கீழயும் ஆளு இருக்குமில்ல?"

நான் அதைக் கேட்கவில்லை.
அங்கே நின்ற அரை நாளில்
எனக்குத் தோன்றவே இல்லை.
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

திங்கள் போனால் சாலை திறந்துவிட்டது.
பால்வண்டி, சுற்றுலா வேன், ஒலிப்பான்கள்.
ஈர மண்ணில் சக்கரத்தின் மீன்முள் தடம் மட்டும்.
மாதேஷின் எண்ணை வாங்கியிருக்கவில்லை.

இரவு படிவத்தில் 'இதர'வைத் தேர்ந்தேன்.
இருபது எழுத்துக்குள் விளக்கவும் என்றது.
'சாலை' என்று அடித்தேன், அழித்தேன்.
மூன்றாம் முறை
நேரம் முடிந்துவிட்டது என்று தானே மூடிக்கொண்டது.
இதையும் ஓட்டை என்று குறித்துவைத்தேன்,
பழக்கதோஷம்.

விடிகாலை செய்தி:
குஞ்சப்பனைப் பக்கம் மண்சரிவு,
கோத்தகிரிச் சாலையில் போக்குவரத்து நிறுத்தம்.
யாருக்கும் காயமில்லை என்ற வரியை
இரண்டு முறை படித்துவிட்டு
ஷூ தேடினேன்.