உறைகளின் உட்புறம்

லூடோல்ஃப் கெர்ஸ்டன் விட்டுப்போன பாசிகள்
ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
மூன்று குளிர்காலமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்,
ஹாலே நகரத்தில், சூடேற்றாத ஒரு நிலவறையில்.
கைக்கு எட்டிய காகிதத்தையெல்லாம்
உறையாக மடித்தவர்.
வெளியே லத்தீன்.
உள்ளே மளிகைக் கணக்கு.

எண் 14. ஹார்ட்ஸ் மலை, போடெ ஆற்றங்கரை,
கசியும் பாறை, வடக்கு முகம்.
பிரித்தால் மருந்துக்கடைச் சீட்டு:
'பயிற்சிப் பையன் கெர்ஸ்டன்,
இருமல் மருந்தில் அதிமதுரம் சேர்க்க மறந்ததற்கு
அபராதம் இருபது பென்னிக்.'
தேதி பார்த்தேன், ஏப்ரல்.
பாசியெல்லாம் வித்துக்குப்பி தூக்கி நிற்கிற மாதம்.
மறக்காமல் என்ன செய்வான்.

எண் 212-இல் பல்கலைக்கழகக் கடிதம்.
பூக்காத செடிகளுக்கென்று தனிப் பதவி
தற்போது உத்தேசத்தில் இல்லையாம்.
கையொப்பத்தின் மேலேயே
ஒரு சிட்டிகைப் பாசி வைத்து மடித்திருக்கிறார்.
பேராசிரியர் பெயரில் பாதி
பழுப்புக் கறை.

பிறகு பெரணிகள்.
வித்துத்தூளைச் செங்கல்லில் தூவி
அடுப்பங்கரையில் வளர்த்தார்.
நகக்கண் அளவில் ஒரு பச்சை இதயம் வரும்,
பெரணி என்று சொன்னால் பெரணியே நம்பாது.
அதன் அடியில், ஒரு துளி நீரில்,
ஆண் அணு நீந்திப் போகிற நேரம் பார்க்க
அலாரம் வைத்து எழுந்திருக்கிறார், பதினோரு இரவு.
இது எப்படித் தெரியும் என்றால்
எண் 1,340 மெட்டாவின் சலவைப் பட்டியல்:
சட்டை ஆறு. காலர் ஒன்பது. மேசைவிரிப்பு ஒன்று.
செங்கல் நான்கு, இன்றைக்குள் வெளியே!

அந்த மெட்டா பெயரில்தான்
ப்ரோக்கன் மலை ஊற்றடியில் கண்ட
புதுப் பாசிக்குப் பெயர் வைத்தார்.
அவள் அந்த மலை ஏறியதே இல்லை.
ஈரம் ஆகாது, மூச்சு முட்டும்.
அந்த ஓர் உறை மட்டும்
கடையில் வாங்கிய புது வெள்ளைத் தாள்.
விளக்கில் பிடித்து, திருப்பி, மறுபடி திருப்பிப் பார்த்தேன்.
ஒன்றுமே எழுதவில்லை.

எண் 6,071. போர்முனை அஞ்சலட்டை.
'அப்பா, பதுங்குகுழிச் சுவரில் பச்சையாய் ஏதோ.
பெயர் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும்.
ஹென்னிங்.'
தெருவோரப் பாசிதான்.
எரிந்த மண்ணில் முதல் ஆளாய் வந்து குந்தும்.
முழுச் சீட்டும் எழுதியிருக்கிறார்:
பிரான்ஸ், சுண்ணாம்பு மண், ஜூலை 1916,
சேகரித்தவர் ஹெ. கெர்ஸ்டன்.

அடுத்த எண்ணுக்கு இரண்டு வருஷம் ஆகிறது.

அந்த இரண்டு வருஷம்
புண்ணில் வைத்துக் கட்ட
சதுப்புப் பாசி வாரி
மூட்டை மூட்டையாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாராம்.
ரயில் ரசீதுகள் இருக்கின்றன.
மூட்டைகளுக்கு எண் போடவில்லை.

எண் 8,800-க்கு மேல் உறையெல்லாம் ரூபாய் நோட்டு மாதிரி மொடமொடப்பு.
நோட்டேதான். பத்து லட்சம் மார்க்.
ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெறும் தாள்,
ஒரு ரொட்டிக்குக் காணாத காசு.
கிழவர் கை நடுங்கி எழுதிய லத்தீன் அதில்.

இன்று வெள்ளை உறையின் முறை.
உப்சாலாவில் யாரோ எப்போதோ நிரூபித்துவிட்டார்கள்,
அது புது இனமே அல்ல,
நிழலில் வளர்ந்து மெலிந்த பழைய பாசி.
திருத்தச் சீட்டு ஒட்டுவது என் வேலை.
ஒட்டுமுன் ஒரு இலை பார்க்கலாம் என்று
ஒரு சொட்டு நீர் விட்டேன்.

நூற்றுப் பத்து வருஷச் சுருக்கம்
அரை நிமிஷத்தில் விரிந்தது.
உயிர் வந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
வடிவம் வந்தது. நிறம்கூடக் கொஞ்சம்.

சீட்டை ஒட்டினேன். பெயர் போயிற்று.
மூடுமுன்
ஒற்றுத்தாளை இரண்டு முறை மாற்றினேன்,
மெட்டாவுக்கு ஈரம் ஆகாது.