எட்டாவது அடி

பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட அரங்கில்
தீ மூட்டக் கூடாதாம்.
மகுடத்தைக் காய்ச்ச இஸ்திரிப் பெட்டி தந்தார்கள்.
தோல் இறுகத்தான் செய்தது,
புகை ஏறாத ஓசை, உப்பில்லாத கஞ்சி.

எமரென்சியா டீச்சர் கதை சொன்னாள்:
எங்கேயோ பனி பெய்கிற யூதர் ஊர்.
பிள்ளைகள் பிறக்குமுன்னே
கையடித்துச் சம்பந்தம் பேசிய இரண்டு தகப்பன்மார்.
ஒருவன் செத்தான்.
மற்றவன் கையில் காசு புரண்டது,
அடித்த கை மறந்தது.
பையன் நெஞ்சடைத்து விழுந்தான்.
மணவறையில் பெண் வாயைத் திறந்தாள்,
வந்தது அவன் குரல்.

"இது நாங்குநேரிப் பக்கம் நடந்ததுல்லா டீச்சர்?" என்றேன்.
"பாலே அண்ணாச்சி. எட்டு எண்ணி அடிங்க.
எட்டாவது அடியில அவன் வெளியேறணும்."

பெண்ணாக ஆடுகிறவள் செண்பகவடிவு.
எங்கள் பக்கம் சாமி வந்தால்
குதிகால் தரையை உதைக்கும், புழுதி கிளம்பும்.
இவளுக்குக் குதிகால் படவே கூடாது.
பெருவிரல் நுனியில் அவனைச் சுமக்கிறாள்.

நாற்பது வருஷம் வா என்று அடித்த கை.
போ என்று எப்படி அடிக்க?

அநியாயமாய்ச் செத்தவனை
நாங்கள் விரட்டுவதில்லை டீச்சர்.
மண் குழைத்துப் பீடம் போடுவோம்.
சுருட்டு வைப்போம், சாராயம் வைப்போம்,
வருஷத்துக்கு ஒரு கொடை.
கேட்க வேண்டியதைக் கேட்டு
அழ வேண்டியதை அழுது
அவனே மலையேறுவான்.

"கதை அப்படி இல்லையே அண்ணாச்சி."

ஆட்டத்தன்று ராத்திரி
கறுப்பு அங்கிக்காரர்கள் அவளை நெருக்க
ஐந்து, ஆறு, ஏழு.
என் கை மேலேயே நின்றுபோனது.

நுனிவிரலில் அவள்.
மின்விசிறிகளின் கிறீச்.
நாலாவது வரிசையில் யாரோ இருமினார்கள்.
அவள் கெண்டைக்கால் நடுங்கியது
எனக்கு மட்டும் தெரியும் தூரத்தில் இருந்தேன்.

பிறகு குதிகால் இறங்கிற்று.
பலகையில் டொம்மென்று ஒரு சத்தம்.
எட்டு.
நான் அடிக்கவில்லை.

டீச்சர் ஒன்றும் பேசவில்லை.
கவரில் பணம் சரியாகத்தான் இருந்தது.
பின்வாசலில் பெருவிரல் பிளாஸ்டரை உரித்துக்கொண்டே
வடிவு கேட்டாள்:
"அவனுக்கு உங்க ஊருல எங்க பீடம் போடுவீங்க?"

"ஊருக்கு வெளியே, விளைக்குத் தெக்க."

"மூஞ்சி?"

"ஊரைப் பாத்துதான்."