கால் கழுவுதல்

ஆணைத் தாளில் அந்தச் சொல் கிடையாது.
'பிடிபடும் டன்கர்க்காரரைக் கடலில் எறிக.'
அவ்வளவுதான், கீழே அரக்கு முத்திரை.
கால் கழுவுதல் என்று சொன்னது நாங்கள்.
எதையும் செய்வதற்கு முன்னால்
அதற்கொரு வீட்டுப் பெயர் வேண்டியிருக்கிறது.

மூன்று நாள் துரத்தினோம்
'புனித எலோய்' என்ற அந்த ஃபிரிகேட்டை.
எங்கள் 'மூன்று சாவி' அலைக்கு அலை
பீப்பாய் மாதிரி உருண்டது.
அதுவோ காற்றின் விலாவுக்குள்
கதவிடுக்கில் பூனை நுழைவதுபோல்
நுழைந்து நுழைந்து போயிற்று.
பிடித்தது நாங்கள் இல்லை என்பதை
இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.
பிடித்தது மணல்திட்டு.
வற்றம் தொடங்கி ஒரு நாழிகை ஆகவில்லை,
ஏரா புதைந்து ஒருக்களித்துப் படுத்துவிட்டது.

'அளந்து வா, கோவர்ட்,' என்றார் கேப்டன் வௌட்டர்.
'ராட்டர்டாமில் கேட்பார்கள்.'
ராட்டர்டாமுக்கு அந்த வடிவத்தின் மேல்
நெடுநாளாகப் பொறாமை.

முடிச்சுக் கயிறும் சுண்ணக்கட்டியுமாக இறங்கினேன்.
பின்னால் கோபுரம் இல்லை.
முன்னால் கொத்தளம் இல்லை.
பீரங்கிகள் ஒரே தட்டில், ஒரே வரிசையில்.
எங்கள் கப்பலைவிட ஆறடி நீளம், நாலடி ஒல்லி.
ஒரு காலத்தில் தெற்குக் கடலில்
ஃபிரிகேட் என்றால் துடுப்புப் படகு,
பெரிய கலங்களுக்குக் கடிதம் சுமந்த எடுபிடி.
அந்த எடுபிடிக்கு யாரோ மூன்று பாய்மரம் நட்டிருக்கிறார்கள்.
இப்போது எங்கள் ஹெர்ரிங் படகுகள்
அதன் பாயைக் கண்டாலே
வலையை அறுத்துவிட்டு ஓடுகின்றன.

'அங்கே அளக்காதே.'
கை கட்டப்பட்ட இருபத்திமூன்று பேரில் ஒருவன்.
எங்கள் மொழியேதான், கொஞ்சம் மூக்கால் பேசுகிறான்.
'இரண்டு சட்டம் முன்னால் போ.
அகலம் அங்கேதான் அதிகம்.
நடுவில் அளந்து கட்டினால்
கப்பல் மூக்கால் தண்ணீர் குடிக்கும்.'
பெயர் லீவன். அந்தக் கப்பலின் தச்சன்.
இடது முழங்கால் மடங்காதவன்.

போய் அளந்தேன். அவன் சொன்னது சரி.
ஏன் சொன்னாய் என்று கேட்கவில்லை.
ஒருவன் தப்பாக அளப்பதைப் பார்த்துக்கொண்டு
என்னாலும் சும்மா இருக்க முடியாது.
இன்னொன்றும் கேட்கவில்லை:
போன கோடையில் என் தம்பி யெப்பேயின் படகை
எரித்தது நீங்களா என்று.
கேட்டால் பதில் சொல்லிவிடுவான்.

சாயங்காலம் கேப்டன் ஆணைத் தாளை
இரண்டு தரம் படித்தார்.
கரையைப் பார்த்தார். மணலைப் பார்த்தார்.
'இங்கேயே இறக்கு. கடல் கடல்தானே,
கணுக்கால் அளவு இருந்தாலும்.'
குறிப்பேட்டில் எழுதினார்:
இருபத்திமூன்று பேர், கால் கழுவப்பட்டது.
கையெழுத்து.

கயிறுகளை அவிழ்த்துவிட்டோம்.
கப்பலுக்குத் தீ வைத்தோம்.
அந்த வெளிச்சத்தில் கொஞ்ச தூரத்துக்கு
அவர்கள் முதுகு தெரிந்தது.

கரை அரைக் காதம். நடுவே இரண்டு ஓடை.
ஏற்றம் இடுப்புக்கு வர நான்கு மணி நேரம்.
நல்ல கால் உள்ளவனுக்குப் போதும்.
கருணை என்று எங்கள் தட்டில் சிலர் சொன்னார்கள்.
மடங்காத முழங்காலுக்கு எத்தனை மணி என்று
அன்றிரவு நான் போட்ட கணக்கு
ஒவ்வொரு தடவையும் வேறு விடை கொடுத்தது.

மறு வசந்தத்தில் மாஸ் ஆற்றங்கரையில்
சட்டங்களை நிறுத்தினோம்.
'அகலம் இவ்வளவு முன்னாலா? பிழையில்லையே?'
என்றார் மேற்பார்வையாளர்.
பிழையில்லை என்றேன்.
யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை.

தண்ணீரில் இறக்கிய நாளில்
பாதிரியார் வாழ்த்தினார், பீர் ஓடியது.
மூக்கால் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை கப்பல்.
இனி மணலின் தயவு வேண்டாம்,
ஆழத்திலேயே பிடித்துவிடலாம்,
கரை கண்ணில் படாத இடத்தில்.

புதுக் கேப்டன் இளைஞர்.
ஆணைகளை எழுத்தெழுத்தாகப் படிப்பவர்.
அவர் அறை மேசைக்கு
இழுப்பறை செய்து கொடுத்ததும் நான்தான்,
தாள் மடங்காமல் கிடக்கும்படி அளந்து.